வேறு விடயங்கள்

வாதாடிப் பிழைப்பவர்கள் கூடுகிற கூட்டத்தில் வாதம் என்று ஒன்று ஏன் நடப்பதே இல்லை? பல காலமாக என்னைக் குடைந்துகொண்டிருக்கும் கேள்வி இது. திங்கள் முதல் வெள்ளி வரை எதிர்த்தரப்பு வாயைத் திறக்கும் முன்பே ஆட்சேபணையோடு எழுந்து நிற்பவர்கள், சனிக்கிழமை காலை சங்கத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் வந்து உட்கார்ந்ததும் பரம சாதுவாகிவிடுகிறார்கள். கணக்கறிக்கை வாசிக்கப்படுகிறது. யாரோ முன்மொழிகிறார், பக்கத்துக் கதிரைக்காரர் வழிமொழிகிறார், ஏகமனதாக நிறைவேறுகிறது. ஒரு பற்றுச்சீட்டில் இருந்த அற்ப வித்தியாசத்துக்காக ஒரு கணக்காளரைச் சாட்சிக்கூண்டில் அரை நாள் நிறுத்தி வைத்த மூத்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். தன் சொந்தச் சங்கத்தின் ஐந்தொகையை அவர் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தத் தாளால் விசிறிக்கொண்டிருந்தார்.

மட்டக்களப்பில் சட்டத்தரணியாகத் தொழில் செய்கிறேன். சங்கத்தின் உதவிச் செயலாளர் பதவி எனக்கு வந்தது என் கையெழுத்து விளங்கக்கூடியதாக இருக்கிறது என்ற ஒரே காரணத்தால்தான். கூட்டறிக்கை எழுதுவது, வரவுப் புத்தகத்தைச் சுற்றவிடுவது, மதியச் சாப்பாட்டுக்கு ஆள் எண்ணிச் சொல்வது ஆகியவையே என் கடமைகள். இவற்றில் தவறவே கூடாதது மூன்றாவது. கூட்டறிக்கையில் பிழை இருந்தால் ஒரு வருடம் கழித்துத்தான் யாராவது கவனிப்பார்கள். காத்தான்குடியிலிருந்து வருகிற புரியாணி இரண்டு பேருக்குக் குறைந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும்.

கூட்டத்தின் ஒழுங்கு எல்லோருக்கும் மனப்பாடம். மறைந்த உறுப்பினர்களுக்கு மௌன அஞ்சலி, சென்ற கூட்டறிக்கை, அதிலிருந்து எழும் விடயங்கள், செயலாளர் அறிக்கை, பொருளாளர் அறிக்கை, புதிய நிர்வாகத் தெரிவு, கடைசியாக வேறு விடயங்கள். பெப்ரவரியில் இலங்கைச் சட்டத்தரணிகள் சங்கத் தலைவர் பதவிக்குப் போட்டி இருந்தால் நாடெங்கும் நீதிமன்ற வளாகங்களில் வாக்களிப்பு நடக்கும். மார்ச்சில் புதியவர் பொறுப்பேற்பார். அந்தத் தேர்தலில் எங்கள் ஆட்கள் காட்டுகிற சுறுசுறுப்பைப் பார்க்க வேண்டும். கொழும்பிலிருந்து வேட்பாளர்கள் தொலைபேசியில் அழைப்பார்கள், யாருக்கு எத்தனை வாக்கு என்று தேநீர்க் கடையில் கணக்குப் போடப்படும். சொந்த ஊர்ச் சங்கத்துக்கு வந்துவிட்டால் தெரிவு என்பது மூப்பு வரிசையை வாசிப்பதுதான். சென்ற வருடம் உபதலைவராக இருந்தவர் இந்த வருடம் தலைவர். அவருடைய பெயரை முன்மொழிகிறவர் அதை வெள்ளிக்கிழமையே தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருப்பார். ஒரு காலத்தில் அப்புக்காத்துமார் (அட்வகேட்) ஒரு பக்கம், பிறக்கிராசிமார் (புரொக்டர்) ஒரு பக்கம் என்று பிரிந்து கிடந்த தொழில் இது. 1973 ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டம் இரு சாராரையும் சட்டத்தரணிகள் என்று ஒன்றாக்கியது; 1974 இல் இரண்டு அமைப்புகளும் ஒரே சங்கமாயின. பட்டம் ஒன்றாகி அரை நூற்றாண்டாகியும் கதிரை வரிசை மட்டும் இன்னும் ஒன்றாகவில்லை. முன்வரிசையில் யார் உட்காரலாம் என்று யாரும் சொல்லித் தருவதில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

செயலாளர் அறிக்கையைத் தட்டச்சு செய்வதும் நான்தான் என்பதால் அதன் உள்ளடக்கம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. நீதிச் சேவை ஆணைக்குழுவின் வருடாந்த இடமாற்றத்தில் போன நீதிபதிகளுக்குப் பிரியாவிடை, வந்தவர்களுக்கு வரவேற்பு, வாணி விழா, இப்தார், ஒளிவிழா, இரத்ததான முகாம், நூலகத்தில் செல் அரித்த அலுமாரிக்குப் பதிலாக இரும்பு அலுமாரி. அந்த இரும்பு அலுமாரி என்ன விலை, யாருடைய லொறியில் வந்தது என்பதுகூட ஒரு வருட அறிக்கையில் பதிவாகியிருக்கிறது. இத்தனைக்கும் நடுவே ஒரே ஒரு வரி வரும்: "இவ்வாண்டில் சங்கம் சில தினங்களில் பணிப்பகிஷ்கரிப்பில் ஈடுபட்டது." அலுமாரிக்குக் கிடைத்த இடம் அதற்குக் கிடைப்பதில்லை.

பகிஷ்கரிப்பு நாள்

அந்த ஒரு வரிக்குள் என்ன இருக்கிறது என்று எழுதித்தான் ஆக வேண்டும்.

முதலில் என் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். பகிஷ்கரிப்பே கூடாது என்று நினைப்பவன் அல்ல நான். 2013 ஜனவரியில் பிரதம நீதியரசர் சிராணி பண்டாரநாயக்கவைப் பதவியிலிருந்து நீக்கியபோது நாடெங்கும் சட்டத்தரணிகள் நீதிமன்றத்துக்குப் போகாமல் நின்றார்கள். 2023 இல் முல்லைத்தீவு மாவட்ட நீதிபதி உயிர் அச்சுறுத்தலைக் காரணம் காட்டிப் பதவி விலகி நாட்டை விட்டே போனபோது வடக்கில் சட்டத்தரணிகள் பணியைப் புறக்கணித்தார்கள். அந்த வேளைகளில் வழக்கம்போல் கோட்டை மாட்டிக்கொண்டு போய் "கனம் நீதிபதி அவர்களே" என்று ஆரம்பித்திருந்தால் அதுதான் வெட்கக்கேடு. நீதிபதிக்கே பாதுகாப்பில்லாத ஊரில் கட்சிக்காரனுக்கு என்ன பாதுகாப்பு? அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

ஆனால் அந்த நாளை வாசலிலிருந்து பார்க்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் இரவு பத்து மணிக்குத் தீர்மானம் வரும். காலையில் நாங்கள் நூலகத்தில் கூடியிருந்து தேநீர் குடித்துக்கொண்டிருப்போம். அந்த நேரத்தில் மண்டூரிலிருந்து ஒருவர் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறிக் குருமண்வெளிக் கரையில் இறங்கி, பஸ் பிடித்து, மேல் நீதிமன்ற வழக்குக்கு வந்துகொண்டிருப்பார். ஆயித்தியமலையிலிருந்து ஒரு பெண் வலையிறவுப் பாலத்தைத் தாண்டி வந்துகொண்டிருப்பாள். அவர்களுக்கு வாட்ஸ்அப் குழு இல்லை. வந்து சேர்ந்தபின்தான் வாசலில் நிற்கும் கிளாக்கர் சொல்லுவார், இன்றைக்கு லோயர்மார் மன்றில் ஏறவில்லையாம் என்று. என்ன காரணம் என்று யாரும் கேட்பதில்லை. அடுத்த தவணை எப்போது என்று மட்டும் கேட்பார்கள்.

என் கட்சிக்காரர் ஒருவர் அப்படியொரு நாளில் தன் தவணை அட்டையை என்னிடம் நீட்டினார். என் பெயரும் தொலைபேசி இலக்கமும் அச்சிட்ட சிறிய அட்டை. பின்பக்கத்தில் திகதிகள் ஒன்றன் கீழ் ஒன்றாக, வெட்டி வெட்டி, நீலம், கறுப்பு, சிவப்பு என்று கையில் கிடைத்த பேனையால் எழுதப்பட்டிருந்தன. இடம் முடிந்துபோய் கடைசித் திகதி என் பெயருக்கு மேலே, ஓரமாகச் சாய்த்து எழுதப்பட்டிருந்தது. "புது அட்டை ஒன்று தாருங்கள் சேர்" என்றார். கோபத்தில் சொல்லவில்லை, உண்மையாகவே அட்டைதான் அவருக்குத் தேவைப்பட்டது.

இன்னொரு வாசலும் இருக்கிறது, சிறைச்சாலை பஸ் வந்து நிற்கிற பின்வாசல். 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி விசாரணை நிலையில் இருக்கும் சந்தேகநபரை நீதவான் ஒரு தடவைக்குப் பதினைந்து நாளுக்கு மேல் விளக்கமறியலில் வைக்க முடியாது; மறுபடி மன்றுக்குக் கொண்டுவர வேண்டும். அந்தப் பதினைந்து நாளுக்குள் ஒரு நாள்தான் அவனுக்கு வாய் இருக்கிற நாள். பஸ்ஸிலிருந்து இறக்கி, கூட்டில் ஏற்றி, பெயர் கூப்பிட்டு, எழுந்து நிற்க ஒருவரும் இல்லாமல் அடுத்த திகதி போட்டு, திரும்ப ஏற்றி அனுப்பிவிடுவார்கள். நீதவான் தானாகவே பிணை கொடுக்கலாம், சில வேளை கொடுப்பதும் உண்டு. ஆனால் வாதம் இல்லாத இடத்தில் பொலிஸாரின் அறிக்கை மட்டும்தான் பேசும்.

ஓர் இளையவர் எழுந்து நின்றது

எல்லாக் கூட்டங்களையும் போலத்தான் அந்தக் கூட்டமும் நடந்துகொண்டிருந்தது. தெரிவு முடிந்து, புதிய தலைவருக்கு மாலை போட்டு, வேறு விடயங்கள் என்ற இடத்துக்கு வந்தோம். மணி பன்னிரண்டரை. புரியாணி வந்துவிட்டது என்பது மூக்குக்கே தெரிந்தது. தலைவர் வழக்கப்படி "வேறு விடயங்கள் ஏதும்..." என்று இழுத்தபடியே பேனையை மூடினார். அப்போது கடைசி வரிசையில் ஓர் இளம் சட்டத்தரணி எழுந்தார். படுவான்கரைப் பக்கத்துப் பெண், தொழிலுக்கு வந்து சில வருடங்கள்தான். கையில் குறிப்பு ஒன்றும் இல்லை.

"ஒரு பிரேரணை இருக்கிறது சேர். இனிமேல் சங்கம் பகிஷ்கரிப்பு என்று முடிவெடுத்தால் பிணை விண்ணப்பம், விளக்கமறியல், மனைவி பிள்ளைகளுக்கான தாபரிப்பு ஆகிய மூன்றையும் விலக்கி வைக்க வேண்டும். முடிவை முதல் நாளே வாசலில் தமிழில் ஒட்ட வேண்டும்."

முன்வரிசையிலிருந்து, யாப்பில், அதாவது சங்கத்தின் விதிகளில், கரைகண்ட ஒரு மூத்தவர் திரும்பாமலே சொன்னார்: "பிள்ளை, பிரேரணை என்றால் பதினான்கு நாளுக்கு முன்னர் எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். யாப்பைப் பாருங்கள்." சிரிப்பு எழுந்தது. ஒழுங்குப் பிரச்சினை என்ற வகையில் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் ஏறாவூரைச் சேர்ந்த இன்னொரு மூத்தவர், நாங்கள் எல்லோரும் நானா என்று கூப்பிடுகிறவர், அந்தப் பெண்ணுக்காக இரங்கியோ என்னவோ பதில் சொல்லப் புகுந்துவிட்டார். "மகள், நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள். ஆனால் யாருக்கும் நோகாத பகிஷ்கரிப்பை யார் கவனிப்பார்கள்? இன்றைக்குப் பிணையை விலக்கினால் நாளைக்குக் குடியகற்றல் வழக்கை விலக்கு என்பார்கள். ஒவ்வொரு வழக்கும் அதற்குரியவனுக்கு அவசரம்தான். பிறகு பகிஷ்கரிப்பு என்று என்ன மிஞ்சும்?"

பலமான வாதம். இப்போதும் அதற்கு முழுமையான பதில் என்னிடம் இல்லை.

அந்தப் பெண் உட்காரவில்லை. "நாங்கள் ஏற்கெனவே விலக்கு வைத்திருக்கிறோம், நானா" என்றார். "கட்டாணை முடிகிற நாளில் பகிஷ்கரிப்பு வந்தால் என்ன செய்கிறோம்? யாராவது ஒருவர் போய் நீடித்துக்கொண்டு வருகிறோம்தானே?"

அறையில் கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது, சாப்பாட்டு மேசையை ஒழுங்கு செய்துகொண்டிருந்தார்கள். இதை வாசிக்கும் சட்டத்தரணிகளுக்கு விளங்கும். மற்றவர்களுக்காக ஓர் இரண்டு வரி. ஒருவருடைய காணியில் இன்னொருவர் மதில் கட்டுகிறார் என்றால், எதிர்த்தரப்பைக் கேட்காமலே அவசரமாகத் தடுக்கும் கட்டாணையை மாவட்ட நீதிமன்றம் கொடுக்கலாம். குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவைப்படி அதன் ஆயுள் முதலில் பதினான்கு நாள்; நீடிப்பதும் பதினான்கு பதினான்கு நாளாகத்தான். அந்த நாளைத் தவறவிட்டால் கட்டாணை காலாவதியாகிவிடும், மதில் எழும்பிவிடும். ஆகவே எந்தப் பகிஷ்கரிப்பிலும் அதை நாங்கள் தவறவிட்டதில்லை. இரு தரப்புச் சட்டத்தரணிகளும் பேசிக்கொள்வார்கள், ஒருவர் போய்த் தலையைக் காட்டுவார், நீடிக்கப்படும். அதை யாரும் பகிஷ்கரிப்பை முறித்ததாகக் கருதுவதில்லை. தொழில் மரியாதை என்கிறோம்.

காணிக்குப் பதினான்கு நாள், ஆளுக்குப் பதினைந்து நாள். இரண்டு கடிகாரங்களும் ஒரே கட்டடத்துக்குள்தான் ஓடுகின்றன. ஒன்று நிற்காதபடி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பது எனக்கும் தெரியும், முன்வரிசைக்கும் தெரியும். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்து யாரும் பார்த்ததில்லை. கட்டாணை வாங்குகிறவர் கட்டணம் கொடுக்கக்கூடியவர், அவருடைய சட்டத்தரணி பெரும்பாலும் முன்வரிசைக்காரர். பின்வாசல் பஸ்ஸில் வருகிறவனுக்காக எழும்புகிறவர் பெரும்பாலும் கடைசி வரிசைக்காரர். எங்கள் மௌனத்துக்கு நான் தேடிய காரணம் மரியாதையோ பசியோ அல்ல என்று அன்றைக்குத்தான் பட்டது. வாதாடத் தேவையில்லாதவர்கள் முன்னால் இருக்கிறார்கள், அவ்வளவுதான். அவர்களுடைய காரியம் தீர்மானம் எதுவும் இல்லாமலே நடந்துவிடுகிறது.

தலைவர் நல்ல மனிதர். "செயற்குழு கவனிக்கும்" என்று சொல்லி நன்றியுரைக்கு ஆளைக் கூப்பிட்டார்.

கூட்டறிக்கை

இங்கேதான் உதவிச் செயலாளரின் அற்ப அதிகாரம் வருகிறது. பிரேரணை, ஒழுங்குப் பிரச்சினை, நானாவின் பதில், கட்டாணை பற்றிய கேள்வி எல்லாவற்றையும் நான் சொன்னவர் பெயரோடு எழுதினேன். வரைவைப் பார்த்த செயற்குழுவில் ஒருவர், "பல்வேறு விடயங்கள் கலந்துரையாடப்பட்டன என்று போட்டால் போதுமே" என்றார். ஏன் என்று கேட்டேன். நீதிமன்றத்தைப் பற்றி வெளியில் ஒரு மாதிரிப் பேச்சு வரும் என்றார். இன்னொருவர், ஏற்றுக்கொள்ளப்படாத பிரேரணை பதிவாக வேண்டியதில்லை என்றார். நிராகரிக்கப்பட்ட ஆட்சேபணையும் வழக்கேட்டில் பதியப்பட வேண்டும், இல்லாவிட்டால் மேன்முறையீட்டில் என்ன காட்டுவது என்று நீதிபதிகளோடு நாள்தோறும் மல்லுக்கட்டுகிறவர்கள் நாங்கள். இதைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். பந்தி அப்படியே நின்றது.

பதிவானால் என்ன ஆகும் என்பது கூட்டம் நடத்தும் எவருக்கும் தெரியும். அடுத்த வருடம் சென்ற கூட்டறிக்கை வாசிக்கப்படும். அதன்பின் "எழும் விடயங்கள்" என்றொரு இடம் வரும். அந்த இடத்துக்குப் பதினான்கு நாள் முன்னறிவித்தல் தேவையில்லை, மணியும் பன்னிரண்டரை ஆகியிருக்காது. காலை பத்து மணிக்கே, தேநீருக்கும் பட்டிஸுக்கும் நடுவில், எல்லோருக்கும் தெம்பு இருக்கிற நேரத்தில் அது வந்தது. நான் இத்தனை காலமும் ஏங்கிய வாதம் அன்று நடந்தது. குரல்கள் உயர்ந்தன. ஒருவர் எழுந்து வெளியே போய், தேநீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். உயர் நீதிமன்றம் 1988 இல் வகுத்த நடத்தை விதிகளை ஒருவர் எடுத்து வாசித்தார்; கட்சிக்காரனுக்காக முழுத் திறமையையும் உரிய கவனத்தையும் செலுத்த வேண்டும் என்ற இடத்தில் அழுத்திப் படித்தார். கடைசியில் பாதிக்கிணறு தாண்டினார்கள். பகிஷ்கரிப்பு நாளில் விளக்கமறியல் வழக்குகளுக்கு மட்டும் இரண்டு உறுப்பினர்கள் முறைவைத்து ஏறுவது, அறிவித்தலை இயன்றால் முதல் நாள் மாலையே வாசலில் ஒட்டுவது. நானா எதிர்த்தே வாக்களித்தார், பிறகு முறைப்பட்டியலில் முதல் பெயராகத் தன் பெயரையும் எழுதச் சொன்னார். முடிவு முடிவுதானே என்றார்.

அதன்பின் வந்த முதல் பகிஷ்கரிப்பில் இருவர் ஏறினார்கள். சிலருக்குப் பிணை கிடைத்தது, சிலருக்குக் கிடைக்கவில்லை. மற்ற நாட்களில் நடப்பது எதுவோ அதுவே நடந்தது. அன்று மாலை வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் "கருங்காலிகள்" என்று எழுதிவிட்டுச் சற்று நேரத்தில் அழித்தார். அழிக்கும் முன் எல்லோரும் பார்த்துவிட்டோம்.

தாபரிப்புத்தான் இன்னும் நிற்கிறது. அது பணம், பதினான்கு நாள் பிந்தினால் குடி முழுகிப்போகாது, நிலுவையோடு சேர்த்து வாங்கலாம் என்கிறார்கள். ஏட்டில் அது சரி. 1999 ஆம் ஆண்டின் தாபரிப்புச் சட்டத்தில் நிலுவையை அறவிடுவதற்கு வழி இருக்கிறது. ஆனால் எங்கள் நீதிமன்றங்களில் வழக்கு நடத்துகிற எவருக்கும் தெரியும், பிடியாணைக்குப் பயந்து கணவன் பணத்தோடு வருகிறது தவணை நாளில் மட்டும்தான். தவணை தள்ளிப்போகும் என்று முதல் நாளே வாசலில் ஒட்டினால், பணத்தோடு வரவேண்டியவனும் அதைப் படிப்பான். நாங்கள் போராடி வாங்கிய அறிவித்தல் அவனுக்குத்தான் முதலில் உதவும். அந்த இளம் சட்டத்தரணி இதை என்னிடம் சொன்னபோது எனக்கு உடனே பிடிபடவில்லை.

இந்த வருடக் கூட்டத்துக்கு அவர் தாபரிப்புப் பற்றிய பிரேரணையைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறார். பதினான்கு நாளுக்கு மேலேயே அவகாசம் இருக்கிறது. யாப்பில் கரைகண்டவரும் பார்த்துத் தலையசைத்துவிட்டார். வழிமொழிபவர் என்ற இடத்தில் என் கையொப்பம் இருக்கிறது. பிரேரணையில் பேசப்போகிறவரே அதன் கூட்டறிக்கையையும் எழுதுவது முறையல்ல என்று செயலாளர் சொல்கிறார். அவர் சொல்வது சரிதான். புத்தகத்தை வேறு யாரிடம் கொடுப்பது என்று செயற்குழு செவ்வாய்க்கிழமை கூடிப் பேசுகிறது.